மூன்று மாதப் பட்டணம்

“ஏட்டி வித்யா, கேன் தண்ணியா வாங்கிருக்கே?”

“ஆமா.”

“கெணறு கைக்கெட்டுற அளவுக்கு நிக்கி. ஓட்டுல இருந்து அண்டா அண்டாவாத் தண்ணி ஊத்துது. நீ நாப்பது ரூவா குடுத்து தண்ணி வாங்கிருக்கே.”

“குடிக்க இல்லம்மா. காட்டுறதுக்கு.”

“யாருக்கு?”

“ஆபீசுக்கு.”

உலகம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பின்கட்டு அறைக்குள் வந்தாள். ஸ்ரீவித்யா தண்ணீர் கேனைச் சுவரோரமாக நிறுத்தி, பக்கத்தில் கொசு அடிக்கிற மட்டையை ஆணியில் மாட்டி, ஆபீஸ் அடையாள அட்டையை அதற்கும் மேலே தொங்கவிட்டிருந்தாள். இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

“எப்படிம்மா இருக்கு?”

“என்னது எப்படி இருக்கு?”

“சென்னை மாதிரி இருக்கா?”

“நான் மெட்ராசுக்குப் போனது ஒரு தடவை. அதுவும் பஸ்ஸ்டாண்டோட திரும்பிட்டேன். என்ன வெவரம்னு சொல்லு.”

விவரம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்ரீவித்யா வேலை பார்ப்பது சென்னைக் கம்பெனி ஒன்றில். மருத்துவக் காப்பீட்டுக் காகிதங்களைச் சரிபார்க்கிற வேலை. சம்பளம் முப்பத்திரண்டாயிரம். பெருநகரத்தில் வாழ்கிற செலவுக்கென்று சிட்டி அலவன்ஸ் பன்னிரண்டாயிரம். இப்போது ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. வாழ்க்கைச் செலவு அதிகமான இடத்தில், அதாவது சென்னையில், குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் இனி அந்தப் பன்னிரண்டாயிரம். ஒவ்வொருவர் வீட்டையும் வீடியோவில் பார்த்துச் சரிபார்ப்பார்கள். சென்னையில் இல்லை என்று தெரிந்தால் அடுத்த மாதத்திலிருந்து கிடையாது.

“நீ இங்கன இருக்கது அவங்களுக்கு இத்தன நாளாத் தெரியாதா?”

“கேக்கலியே. கொரோனா சமயத்துல ஆபீசைக் காலி பண்ணிட்டாங்க. வாடகை மிச்சம். எல்லாரும் அவங்கவங்க வீட்டுல இருந்து பாருங்கன்னாங்க. வீடு எந்த ஊர்ல இருக்குன்னு கேக்கல.”

“இப்பம் கேக்காங்களா?”

“இப்பம் அலவன்சை மிச்சம் பிடிக்கணும்லா.”

“அப்பம் ஒனக்கு எதுக்கு அலவன்சு? நீதான் மெட்ராஸ்ல இல்லியே.”

ஸ்ரீவித்யா மேலே கை காட்டினாள். பின்கட்டுக்கு மேலே மாடியில் நான்கு சுவர் நின்றது. கதவு இல்லை, ஜன்னல் இல்லை, கூரை இல்லை. கம்பிகள் மட்டும் ஆகாயத்தைப் பார்த்துத் துருப்பிடித்துக்கொண்டு நின்றன.

வேளச்சேரி ஹாஸ்டலில் அவள் ஆறு வருஷம் இருந்தாள். ஓர் அறைக்கு நான்கு பேர். கட்டிலுக்கு வாடகை, சாப்பாடு, பஸ், தண்ணீர் என்று அலவன்ஸ் மொத்தமும் போய், சம்பளத்திலிருந்தும் நாலாயிரம் பிடுங்கும். சென்னையில் வாழ்வதற்கென்று கொடுத்த பணம், சென்னையில் வாழாமல் போன பிறகுதான் மிஞ்சத் தொடங்கியது. மிஞ்சியதெல்லாம் மாடியில் செங்கல்லாக ஏறிற்று. கூரைக் கான்கிரீட் ஒன்றுதான் பாக்கி. அதைப் போட்டுவிட்டால் ஒரு மேசையும் உள்ளேயிருந்து தாழ்போடுகிற ஒரு கதவும் அவளுக்கென்று இருக்கும். முப்பத்திமூன்று வயதில் அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அலவன்ஸ் நின்றால் அந்த அறை மழைத் தொட்டியாகவே நின்றுபோகும்.

“பழைய ஹாஸ்டல்காரம்மாட்ட ஒரு லெட்டர் கேட்டேம்மா, நான் அங்க இருக்கதா.”

“என்ன சொன்னா?”

“மூணு மாச அட்வான்ஸ் கேட்டா. ஆளு வராம லெட்டர் மட்டும் தங்குறதுக்கு.”

“கெட்டிக்காரிதான்,” என்றாள் உலகம்மாள். வாடகைக்கு விடுகிறவர்கள் மேல் அவளுக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

அவளும் அந்தத் தொழில்தான். மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டுக்கு ஒரு தெரு உள்ளே இருந்தது வீடு. ஒரு காலத்தில் கோயில் நிலத்துக்கு நெல் அளந்த குடும்பம். இப்போது அளப்பதற்கு முன்கட்டுதான் இருந்தது. சாரல் விழத் தொடங்கியதும் தாயும் மகளும் பாத்திரங்களோடு பின்கட்டின் ஒற்றை அறைக்குப் போய்விடுவார்கள். முன்கட்டு, அருவியில் குளிக்க வந்து தங்குகிற சீசன் பார்ட்டிகளுக்கு. நடுவில் உள்ள கதவை இந்தப் பக்கமிருந்து பூட்டிச் சாவியை உலகம்மாள் இடுப்பில் செருகிக்கொண்டால், ஆவணி முடியும்வரை அது அவர்கள் வீடு இல்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் மீட்டிங் முடிந்து எல்லோரும் போன பிறகு, மனிதவள மேலாளர் விஜயசங்கர் ஸ்ரீவித்யாவை மட்டும் இருக்கச் சொன்னார். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

“வித்யா, உங்க நேட்டிவ் தென்காசி பக்கம்தானே?”

“ஆமா சார். நேட்டிவ்தான்.”

“குற்றாலத்துல ஒரு லாட்ஜும் கிடைக்கல. தெரிஞ்சவங்க வீடு ஏதாவது இருக்குமா? நாலு நாள். நான், வொய்ஃப், அவங்க அப்பா அம்மா.”

“லீவு போட்டிருக்கீங்களா சார்?”

“லீவா? இந்த வாரம் நாப்பது பேர் வீட்டை வெரிஃபை பண்ணணும். அதை எங்க உக்காந்து பண்ணா என்ன, லேப்டாப் இருந்தாப் போதும்.”

சொல்லிவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். பிறகு, “இதை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்,” என்றார்.

இதை ஒரு வேடிக்கையாகத்தான் ஸ்ரீவித்யா அம்மாவிடம் சொன்னாள். உலகம்மாளுக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. மதுரைப் பார்ட்டி ஒன்று வராமல் போய், புதன் முதல் நாலு நாள் முன்கட்டு காலியாகக் கிடந்தது.

“வரச்சொல்லு.”

“எம்மா, என் அலவன்சை வெட்டப் போறவரே அவருதான்.”

“வெட்டுறவரு குளிக்க மாட்டாரா?”

“நான் சென்னையில இருக்கதால்லா அவரு நெனைச்சிட்டு இருக்காரு. நான் இங்க பின்னால உக்காந்திருக்கையில அவரு முன்னால வந்து இருந்தா?”

“நடுவுல கதவு இருக்கு. பூட்டு இருக்கு. நாலு நாள் நீ சத்தங்காட்டாமக் கெட. நாளைக்கு அஞ்சாயிரம்னா நாலு நாளைக்கு எவ்வளவு? ஒன் கம்பெனி ஒரு மாசத்துல குடுக்கதைவிட இவரு நாலு நாள்ல குடுத்துட்டுப் போறாரு.”

“நான் யாருன்னு கேட்டா என்ன சொல்லுவே?”

“பொய் சொல்லமாட்டேன். கேக்காததைச் சொல்லவும் மாட்டேன்.”

தெரிந்தவர்கள் வீடு என்று சொல்லி ஸ்ரீவித்யா விலாசத்தை அனுப்பினாள். புதன்கிழமை காலையில் கார் வந்து நின்றது. ஸ்ரீவித்யா பூட்டிய கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் அம்மாவின் குரல்.

“வாங்க தம்பி. ஒரு நாளைக்கு அஞ்சாயிரம். கேஸ் தனி.”

“அம்மா, ரெண்டு ரூம், ஒரு ஹால். வேளச்சேரில இதோட மாச வாடகையே...”

“வேளச்சேரியில அருவி விழுதா தம்பி?”

“இல்ல.”

“பெறவு?”

“சரி, அஞ்சாயிரம். வைஃபை இருக்கா?”

“இருக்கு. அதுக்கு நாளைக்கு நூறு.”

“அதுலயும் அருவி வருதா?”

“அது எம்மவளுக்காகப் போட்டது.”

கதவுக்கு இந்தப் பக்கம் ஸ்ரீவித்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

“மக என்ன பண்றாங்க?”

“வேலை பாக்கா.”

“எங்க?”

“அவ கம்பெனி மெட்ராஸ்ல இருக்கு,” என்றாள் உலகம்மாள். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

அதற்குப் பிறகு ஸ்ரீவித்யா சொந்த வீட்டில் திருடி மாதிரி இருந்தாள். பால் வாங்கப் பின்சந்து வழியாகக் குடையைச் சாய்த்துக்கொண்டு போனாள். தும்மல் வந்தால் தலையணையில் தும்மினாள். ஆனால் காதுக்கு மட்டும் வேலை அதிகம். பகலெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் விஜயசங்கர் ஒவ்வொருவர் வீடாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். குடும்பம் அருவிக்குப் போயிருக்கும். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி இருக்கிற படம் ஒன்றைத் திரையில் வைத்துக்கொண்டு, அதிகாரியாக உட்கார்ந்திருப்பார்.

“பாண்டித்துரை, கிச்சனைக் காட்டுங்க. ஜன்னலைத் திறங்க. எதிர்ல என்ன அது, வயலா?”

“காலி பிளாட்டு சார். புல்லு முளைச்சிருக்கு.”

“மாடு மேயுதே?”

“சென்னையிலயும் மாடு மேயும் சார்.”

“எந்த ஏரியா?”

“மறைமலைநகர் தாண்டி... கொஞ்சம் உள்ள.”

“அது சிட்டி கிடையாதுங்க. ரூல்னா ரூல்தான். நான் என்ன பண்றது?”

பாண்டித்துரையின் அலவன்ஸ் அதோடு போயிற்று. பாண்டித்துரைக்கு இரண்டு பிள்ளைகள் என்பது ஸ்ரீவித்யாவுக்குத் தெரியும். அவள் சத்தமில்லாமல் நடந்துபோய் கேனை இன்னும் நடுவாக நகர்த்தி வைத்தாள்.

சாயங்காலமானால் அதே கதவு வழியாக வேறொரு விஜயசங்கர் மனைவியிடம் பேசுவது கேட்டது.

“ஜெயபிரியா, ஐந்தருவிக்கு ஆட்டோ எவ்வளவு சொன்னான்?”

“நானூறு.”

“நானூறா? நடந்தே போயிருக்கலாமே.”

“எங்கம்மா நடப்பாங்களா? மங்குஸ்தான் கிலோ ஐந்நூறு. எண்ணெய் தேய்க்கிறவர் அப்பாவுக்கு ஒரு ரேட் சொல்லி, தேய்ச்சு முடிச்சிட்டு இன்னொரு ரேட் சொல்றாரு.”

“கார் நிறுத்துறதுக்கு நூறு. வெளியே எடுக்கிறதுக்கு ஒருத்தன் வழி காட்டினான், அவனுக்கு ஐம்பது. செங்கோட்டைக்குப் போய் பரோட்டா சாப்பிடலாம்னு கூட்டிட்டுப் போனேனே, அந்தப் பில்லைப் பாத்தியா? எப்படித்தான் இந்த ஊர்ல மனுஷங்க குடியிருக்காங்களோ.”

கதவுக்கு இந்தப் பக்கம் உலகம்மாளும் மகளும் ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நாம எப்படிட்டி இருக்கோம்?” என்று உலகம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

“நாம ஆட்டோல போறதில்லம்மா.”

மூன்றாம் நாள் சாயங்காலம் உலகம்மாள் நோட்டைக் கொண்டுபோனாள். தங்குகிறவர்கள் பெயர், ஊர், போன் நம்பர் எழுதுகிற நீள நோட்டு. கடைசிக் கட்டத்தில் ‘வீட்டைப் பற்றி’ என்று இருக்கும். நல்ல வார்த்தை எழுதி வாங்கி, அடுத்த பார்ட்டி பேரம் பேசும்போது விரித்துக் காட்டுவது அவள் வழக்கம்.

“ரெண்டு வரி எழுதிக் குடுங்க தம்பி.”

“என்னம்மா எழுத?”

“மனசுல பட்டதை எழுதுங்க. பெரிய வேலையில இருக்கிய.”

விஜயசங்கர் அன்றைக்குத்தான் மாமனார் மாமியாருக்குத் தேன் வாங்கிக் கொடுத்து, அது வெல்லப்பாகு என்று கண்டுபிடித்திருந்தார். எழுதிவிட்டு அவரே வாசித்தும் காட்டினார்.

“‘வீடு சுத்தமாக உள்ளது. உரிமையாளர் அன்பானவர். ஆனால் இந்த ஊரில் வாழ்க்கைச் செலவு சென்னையைவிட மிக அதிகம்.’ போதுமா?”

“கையெழுத்து?”

பழக்கதோஷம், கையெழுத்துக்குக் கீழே ‘மேலாளர், மனிதவளம்’ என்று எழுதி, கம்பெனி பெயரையும் போட்டு, தேதியும் குறித்தார். உலகம்மாளுக்கு ரொம்பத் திருப்தி. அன்பானவர் என்பதை அவள் இரண்டு தடவை வாசித்தாள். செலவைப் பற்றி எழுதியிருந்ததையும் அவள் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. மெட்ராசைவிடப் பெரிய ஊர் என்று ஒரு மெட்ராஸ்காரர் எழுதிக் கொடுத்தால் கசக்குமா?

நாலாம் நாள் சனிக்கிழமை. சனிக்கிழமையும் அவர்களுக்கு அரை நாள் வேலை உண்டு. விஜயசங்கர் மத்தியானம் கிளம்ப வேண்டும். ஸ்ரீவித்யாவின் வீட்டைச் சரிபார்க்கக் கம்ப்யூட்டர் குறித்துக் கொடுத்திருந்த நேரம் அன்று காலை பதினொன்று. திங்கட்கிழமைக்கு மாற்றித்தரச் சொல்லி மூன்று தடவை கேட்டாள். மாற்ற வழியில்லை என்று மூன்று தடவையும் பதில் வந்தது.

“எம்மா, பதினோரு மணிக்கு மிக்சி போட்டுராத. மீன்காரன்ட்ட பேசாத. யார்ட்டயும் பேசாத.”

“அருவி பேசுனா?”

“அது இங்க கேக்காது.”

பதினொன்றுக்கு ஸ்ரீவித்யா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் விஜயசங்கர் தெரிந்தார், பின்னால் புத்தக அலமாரி. அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒன்றரை அங்குலத் தேக்குக் கதவு.

“குட் மார்னிங் வித்யா. வீட்டைக் காட்டுங்க.”

அவள் லேப்டாப்பைத் தூக்கித் திருப்பினாள். தண்ணீர் கேன், கொசு மட்டை, அடையாள அட்டை.

“சின்ன ரூமா இருக்கே.”

“இதுக்கே ஒன்பதாயிரம் சார்,” என்றாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வரி அது.

“சென்னை இப்படித்தான். ஜன்னலைத் திறங்க.”

அவள் திறந்தாள். நான்கடி தள்ளிப் பக்கத்து வீட்டுக்காரரின் பூச்சில்லாத சுவர். இடம் விடாமல் கட்டிவிட்டார் என்று உலகம்மாள் பதினோரு வருஷமாக அவரோடு பேசுவதில்லை. அந்தச் சுவர் அன்றைக்கு முதல் தடவையாக இந்த வீட்டுக்கு ஒரு நல்லது செய்தது.

“ஓகே, ஓகே. சிட்டிதான், சந்தேகமே இல்ல,” என்றார் விஜயசங்கர். “அப்ரூவ் பண்ணிடறேன். ஒண்ணே ஒண்ணு. உங்க பேச்சு எனக்கு ரெண்டு தடவை கேக்குது. ஏதாவது பேசுங்க பாப்போம்.”

“என்ன சார் பேச?”

“கேக்குது. முதல்ல ஒரு தடவை கேக்குது, அப்புறம்தான் லேப்டாப்ல கேக்குது. விசித்திரமா இருக்கு.”

அந்த நேரத்தில் ஜெயபிரியா தலையில் துண்டோடு ஹாலுக்கு வந்தாள்.

“ஏங்க, பக்கத்து ரூம்ல யாரோ ஒரு பொண்ணு உங்களுக்குப் பதில் சொல்லிட்டிருக்கு.”

விஜயசங்கர் லேப்டாப்பின் சத்தத்தை அடியோடு குறைத்தார்.

“வித்யா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் சார்,” என்றது கதவு.

அவர் எழுந்துவந்து கதவைத் தட்டினார். மேசை மேல் இருந்த திரையில் ஸ்ரீவித்யா சட்டென்று கழுத்தைத் திருப்பித் தட்டிய பக்கம் பார்த்தாள். மறுபடி தட்டினார். திரையில் அவள் ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தாள்.

“யாரது தட்டுதது? சாவி எங்கிட்டல்லா இருக்கு,” என்று கொல்லையிலிருந்து உலகம்மாள் சொன்னாள்.

இனி பூட்டி வைத்து என்ன பிரயோஜனம்? அவளே வந்து திறந்தாள். விஜயசங்கர் வாசல்படியில் நின்று கேனைப் பார்த்தார். கொசு மட்டையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே சுவரை எட்டிப் பார்த்தார்.

“வித்யா. நீங்க சென்னையில இல்ல.”

“நீங்களும் இல்ல சார்.”

“நான் டெம்பரரியா வந்திருக்கேன்.”

“நானும் டெம்பரரிதான் சார். அஞ்சு வருஷமா.”

ஜெயபிரியா சிரித்துவிட்டாள். விஜயசங்கர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் கோபத்தைவிடக் களைப்பு அதிகமாகத் தெரிந்தது. நாற்பதில் முப்பத்தொன்பது வீடு பார்த்து முடித்திருந்தார்.

“இது தப்புன்னு உங்களுக்கே தெரியும்,” என்றார். “ரூரல் ஏரியாவுல உக்காந்துகிட்டு சிட்டி ரேட்டு வாங்குறீங்க. நான் பாண்டித்துரைக்கு வெட்டியிருக்கேன். உங்களை மட்டும் எப்படி விடுறது?”

“வெட்டிக்கோங்க சார்,” என்றாள் ஸ்ரீவித்யா. மாடியை ஒரு தடவை நினைத்துக்கொண்டாள். “ரூரல் ரேட்டு என்னன்னு மட்டும் எங்கம்மாட்ட கேட்டுக்கோங்க.”

“அம்மாவா? இவங்க உங்கம்மாவா?”

“நீங்க கேக்கல தம்பி,” என்றாள் உலகம்மாள். “உக்காருங்க. எதுக்கு அவளுக்கு வெட்டுதிய? வெவரமாச் சொல்லுங்க.”

“அம்மா, சுற்றறிக்கையில தெளிவா இருக்கு. வாழ்க்கைச் செலவு அதிகமா இருக்கிற இடத்துல குடியிருக்கிறவங்களுக்குத்தான் அலவன்ஸ்.”

“அப்படித்தான் எழுதிருக்கா? மெட்ராஸ்னு எழுதிருக்கா?”

“இடம்னுதான் எழுதியிருக்கேன். சென்னைங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

உலகம்மாள் உள்ளே போய் நீள நோட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் விரித்துவைத்தாள்.

“கண்ணாடி போடாம எனக்குத் தெரியாது. நீங்களே வாசிங்க.”

அவர் வாசித்தார். இந்தத் தடவை மனசுக்குள். ஜெயபிரியா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கடைசி வரியைச் சத்தமாக வாசித்தாள். “சென்னையைவிட மிக அதிகம்.” பிறகு, “மேலாளர், மனிதவளம்,” என்றும் சேர்த்து வாசித்தாள்.

“அது ஒரு பேச்சுக்கு எழுதினது.”

“கம்பெனி பேர் போட்டிருக்கிய. தேதி போட்டிருக்கிய.”

“கோவத்துல எழுதினது.”

“நீங்க இங்க என்ன செலவு பண்ணினீங்கன்னு நான் வேணா எழுதித் தரவா?” என்றாள் ஜெயபிரியா. “அந்தத் தேனையும் சேத்து.”

விஜயசங்கர் நோட்டை மூடவில்லை. ரூல் என்று ஒன்று இருந்துவிட்டால் அதன் ஓரங்களைத் தடவிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

“அம்மா, எனக்கு ஒரு ரசீது வேணும். நாலு நாள் வாடகைக்கு.”

“எதுக்கு?”

“இதைச் சும்மா சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. நான் இங்க வந்ததே கள ஆய்வுக்காகன்னுதான் எழுதணும். வாழ்க்கைச் செலவு பத்தின கள ஆய்வு.” சொல்லும்போதே அது அவருக்கு நம்பும்படியாக ஆகிக்கொண்டு வந்தது. “நாளைக்கு ஆறாயிரம்னு போட்டுக் குடுத்தீங்கன்னா இன்னும் வலுவா இருக்கும்.”

“வாங்குனது அஞ்சு.”

“தெரியும். ஒரு காகிதத்துக்குத்தானே.”

“வாங்காத பணத்துக்கு எப்படித் தம்பி கையெழுத்துப் போடுவேன்? நாலாயிரம் கூட வைங்க. ஆறுன்னே போட்டுத் தாரேன்.”

ரசீது ஐந்தாயிரத்துக்கே எழுதப்பட்டது.

பத்து நாள் கழித்து, திருத்திய சுற்றறிக்கை வந்தது. தென்காசி, குற்றாலம், மேலகரம் உள்ளிட்ட பகுதிகள், நேரடிக் கள ஆய்வின் அடிப்படையில், ‘பருவகால உயர்செலவுப் பகுதி’ என அறிவிக்கப்பட்டிருந்தன. ஜூன் முதல் தேதியிலிருந்து ஆகஸ்ட் முப்பத்தொன்று வரை அங்கே குடியிருக்கும் ஊழியர்களுக்கு முழு அலவன்ஸ். மற்ற ஒன்பது மாதம் அவை கிராமப்புறம். கம்பெனியில் அங்கே குடியிருக்கும் ஊழியர் ஒரே ஒருத்திதான். பாண்டித்துரை, மறைமலைநகருக்கு எந்த மாதத்தில் சீசன் என்று கேட்டு ஒரு மெயில் போட்டிருந்தார். அதற்குப் பதில் வரவில்லை.

“மூணு மாசம் பட்டணம், ஒன்பது மாசம் பட்டிக்காடா?” என்றாள் உலகம்மாள். “பரவால்ல. கூரைக்கு ஆச்சுல்லா.”

“ஒண்ணு பாக்கி இருக்கும்மா. வாடகை ரசீது கேக்காங்க. உயர்செலவுப் பகுதியில நான் வாடகை குடுத்துத்தான் இருக்கேன்னு. மாசம் பன்னிரண்டாயிரம்னு எழுதி, கையெழுத்து மட்டும் போடு.”

உலகம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டாள். எழுதவில்லை. மகளைப் பார்த்தாள்.

“பணம் எங்க?”

“எந்தப் பணம்?”

“பன்னிரண்டாயிரம்.”

“எம்மா.”

“அந்தப் பெரிய மனுசனுக்கே வாங்காத பணத்துக்குக் கையெழுத்துப் போடல. நீ முந்தாநாள் வரைக்கும் நான் போட்ட சோத்தைத் தின்னவ.”

“நான் ஒன் மக.”

“இல்லைன்னு யாரு சொன்னா? புரட்டாசில இருந்து வைகாசி வரைக்கும் நீ எம்மவ. சோறு இலவசம், ரூம் இலவசம். சீசன்ல நீ பார்ட்டி. ஒன் கம்பெனியே அப்படித்தான எழுதிருக்கு?”

“ஜூன்லயே சீசன் ஆரம்பிச்சிரும்மா. அது வைகாசி பாதியிலயே வந்துரும்.”

“அப்பம் வைகாசியில பாதி.”

அலவன்ஸ் வந்த அன்றே ஸ்ரீவித்யா அதை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். உலகம்மாள் தட்டில் வெற்றிலை பாக்கோடு வாங்கிக்கொண்டு, ரசீதில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். மறுநாளே கொத்தனாருக்குச் சொல்லியனுப்பினாள். சாரல் வெறித்த ஒரு வாரத்தில் மாடிக்குக் கூரை விழுந்தது. அந்த மட்டுக்கும் பணம் போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிற்று.

ஈரம் காயாத கான்கிரீட்டின் கீழே இருவரும் நின்றார்கள். ஜன்னல் வைக்கிற இடைவெளி வழியாக மலை தெரிந்தது. காற்று திரும்பும்போது மெயினருவியின் சத்தம் லேசாகக் கேட்டது.

“மேசையை இங்கன போட்டுக்கிடுதேன்,” என்றாள் ஸ்ரீவித்யா. “கதவு வந்ததும் மேல வந்துரலாம்லா?”

“வந்துரு. வைகாசி பாதி வரைக்கும் இருந்துக்க.”

“பெறவு?”

“பெறவு என்ன, கீழ பின்கட்டு இருக்கு. மலையும் தெரிஞ்சு, அருவிச் சத்தமும் கேக்குத ரூமுக்கு இன்னும் ஐநூறு கூடக் கேக்கலாம். இதுல நீ போய் உக்காந்திருந்தா எப்படி?”

ஸ்ரீவித்யா சுவரில் சாய்ந்துகொண்டாள். உலகம்மாள் கையோடு கொண்டுவந்திருந்த நீள நோட்டை விரித்து, ஒரு புதுப் பக்கத்தில் பேனாவை வைத்து அவளிடம் நீட்டினாள்.

“ரசீது போட்டாச்சு. இதுல ஒன் பேரு ஏறல. எழுது.”

அவள் பெயரை எழுதினாள். போன் நம்பரை எழுதினாள். ஊர் என்ற கட்டத்துக்கு வந்து ‘மே’ என்று தொடங்கினாள்.

“மேலகரம்னு போட்டுராத. மெட்ராஸ்னு போடு,” என்றாள் உலகம்மாள்.

“ஏன்?”

“உள்ளூர்க்காரிட்ட இந்த வாடகை வாங்குனேன்னு தெரிஞ்சா, நாளைக்கு நாலு பேரு என்னைக் காறித் துப்ப மாட்டாங்களா?”